64 கோரில் 16 போதுமா? சர்வர் ப்ராசஸரை அணைத்துச் சோதிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

கையில் 64 கோர் சர்வர் இருக்கிறது (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக ஒரு வேலையை ஓட்டும் பகுதி). அடுத்த முறை வாங்கும்போது 16 கோர் போதுமா என்று தெரிய வேண்டும். அல்லது டேட்டாபேஸ் உரிமம் கோர் கணக்கில் விற்கப்படுகிறது, பாதிக் கோரில் ஓட்டினால் வேகம் எவ்வளவு குறையும் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். இல்லையென்றால், கோர் கூடக் கூட நம் நிரலின் வேகமும் கூடுகிறதா என்று நமக்கே ஒரு சந்தேகம். மூன்றுக்கும் முதலில் தோன்றும் யோசனை ஒன்றுதான்: சில கோர்களை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்துவிடலாம்.

யோசனை நல்லதுதான். ஆனால் அணைப்பதற்கு ஐந்தாறு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு விடை தரும். காரணம் எளிது. கோரை அணைத்தால் பெரும்பாலும் கோர் மட்டும்தான் போகிறது. கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), நினைவக அலைவரிசை (நினைவகத்திலிருந்து விநாடிக்கு எவ்வளவு தரவு வரும் என்பது), மின்சார ஒதுக்கீடு எல்லாம் அங்கேயே நின்று, மிச்சமிருக்கும் கோர்களுக்குப் போய்ச் சேர்கிறது. 48 கோரை அணைத்த 64 கோர் சர்வர் ஒரு 16 கோர் சர்வர் ஆகிவிடாது. 64 பேருக்குக் கட்டிய வீட்டில் 16 பேர் தாராளமாக வாழ்வது போன்றது அது. சோதனை முடிவு ஏறக்குறைய எப்போதும் சின்ன சர்வருக்குச் சாதகமாகவே வரும். எவ்வளவு சாதகம் என்பது நீங்கள் எடுக்கும் வழியைப் பொறுத்தது.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளுக்குள் போகும் முன் ஐந்து கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கோரோடு சேர்ந்து வேறு எது போகிறது, எது நிற்கிறது?
2. மென்பொருள் தன்னைச் சுற்றி எத்தனை கோர் இருப்பதாக நினைக்கிறது?
3. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் செய்யும் வேலையும் (நெட்வொர்க் பாக்கெட், டிஸ்க் எழுத்து, கருவிகள் அனுப்பும் அழைப்பான இன்டரப்ட்) அதே வரம்புக்குள் வருகிறதா?
4. ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற எவ்வளவு நேரம்?
5. அடுத்த மாதம் வேறொருவர் செய்தாலும் அதே எண் வருமா?

முதல் கேள்விக்குக் கணக்கு போட்டே பார்க்கலாம். ஏஎம்டி எபிக் 7763 என்ற ப்ராசஸரை எடுத்துக்கொள்வோம். 64 கோர், 8 சிப்லெட் (ஒரே ப்ராசஸருக்குள் சேர்த்து வைத்த சிறு சிப்), சிப்லெட்டுக்கு 8 கோர். ஒவ்வொரு சிப்லெட்டிலும் கோர்கள் பகிர்ந்துகொள்ளும் 32 எம்பி எல்3 கேஷ், மொத்தம் 256 எம்பி. நினைவகத்துக்கு 8 சேனல் (தரவுப் பாதை), டிடிஆர்4-3200 வகை நினைவகம் போட்டால் உச்ச அலைவரிசை விநாடிக்கு 204.8 ஜிபி. எல்லாக் கோரும் ஓடும்போது ஒரு கோரின் பங்கு 3.2 ஜிபி. 48 கோரை அணைத்தால் அதே பங்கு 12.8 ஜிபி, அதாவது நான்கு மடங்கு. நினைவகத்தை அதிகம் தொடும் நிரல் என்றால் இது ஒன்றே முடிவைப் புரட்டிப்போடும்.

கேஷ் இன்னும் நுட்பமானது. 16 கோரை வைத்துக்கொள்ள இரண்டு விதம் உண்டு. ஒவ்வொரு சிப்லெட்டிலும் 2 கோர் விட்டால் 256 எம்பி முழுவதும் கையில் இருக்கும். இரண்டு சிப்லெட்டை மட்டும் முழுதாக விட்டால் 64 எம்பிதான், ஏனென்றால் இந்த வகைச் சிப்லெட்டில் எல்3 அந்தச் சிப்லெட்டின் கோர்களுக்கே சொந்தம். இரண்டுமே "16 கோர்". எந்த வழியில் அணைக்கிறீர்கள் என்பதைவிட எந்தக் கோர்களை அணைக்கிறீர்கள் என்பது இங்கே பெரிய விஷயம்.

## எந்த வழியானாலும் முதலில் இரண்டு வேலை

கோர் எது, த்ரெட் எது என்று பாருங்கள். ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கோர் இரண்டு த்ரெட்டாக, அதாவது இரண்டு சிபியூவாகத் தெரிவது) இருந்தால் லினக்ஸ் காட்டும் சிபியூ எண்களில் பாதி உண்மையான கோர் இல்லை. இது என் சொந்த அனுபவம். இரண்டு சாக்கெட் (ப்ராசஸர் மாட்டும் இடம்), சாக்கெட்டுக்கு 16 கோர், மொத்தம் 64 த்ரெட் கொண்ட சர்வர். 32 முதல் 63 வரை அணைத்தால் இரண்டாவது சாக்கெட் போய்விடும் என்று நினைத்து அணைத்தேன். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. இரண்டாவது ப்ராசஸர் தேவையே இல்லை என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வேறு வேலையாக எண்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தச் சர்வரில் 0 முதல் 31 வரை 32 கோர்களின் முதல் த்ரெட், 32 முதல் 63 வரை அதே கோர்களின் இரண்டாவது த்ரெட். நான் அணைத்தது ஹைப்பர்த்ரெடிங்கை மட்டும். இரண்டு சாக்கெட்டும் முழுசாக ஓடிக்கொண்டிருந்தன. அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் லினக்ஸின் எல்எஸ்சிபியூ கட்டளையில் கோர், சாக்கெட், நோடு (நினைவகப் பிரிவு) எல்லாம் வரிசையாகக் காட்டும் அட்டவணையைச் சேமித்து வைக்காமல் எந்தச் சோதனையும் தொடங்குவதில்லை.

டர்போவை (கோரின் கடிகார வேகத்தைத் தானாக ஏற்றும் வசதி) என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள். குறைவான கோர்கள் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் மின்சாரமும் வெப்ப இடமும் கூடுதலாகக் கிடைக்கும், கடிகார வேகம் ஏறும். மேலே சொன்ன 7763-இன் அடிப்படை வேகம் 2.45 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.5. நடுவில் இருப்பது சின்ன வித்தியாசமா? 16 கோரில் ஓடும் சோதனை மேல் எல்லைக்குப் பக்கத்திலும், 64 கோரில் ஓடுவது கீழ் எல்லைக்குப் பக்கத்திலும் இருந்தால், நீங்கள் அளப்பது கோர் எண்ணிக்கையை அல்ல, கடிகாரத்தை. நிரல் எப்படி விரிகிறது, அதாவது கோர் கூடக் கூட வேகம் எப்படிக் கூடுகிறது என்பதை அறிய வேண்டுமானால் டர்போவை நிறுத்திவிட்டு அளப்பதே சரி. நடைமுறையில் என்ன வேகம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி என்றால் டர்போ இருக்கட்டும், ஆனால் ஓடிய வேகத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

## வழி 1: ப்ராசஸரையே கழற்றுவது

இரண்டு சாக்கெட் சர்வரில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டுவது. இதைவிட உண்மையான சோதனை கிடையாது. கோர், கேஷ், அந்தச் சாக்கெட்டின் நினைவகச் சேனல்கள், கார்டுகளை இணைக்கும் பிசிஐ பாதைகள் எல்லாம் சேர்ந்தே போகும். சாக்கெட்டுக்குச் சாக்கெட் நினைவகம் தேடிப் போகும் தாமதமும் போகும்.

ஆனால் பாதி நினைவகம் மறைந்துவிடும். இரண்டாவது ப்ராசஸரோடு இணைந்த ஸ்லாட்டில் நெட்வொர்க் கார்டோ டிஸ்க் கன்ட்ரோலரோ இருந்தால் அதுவும் செத்துவிடும். சாக்கெட்டின் ஊசிகள் வளைந்தால் போர்டே போகும். திரும்ப மாட்டும்போது வெப்பப் பசை புதிதாகத் தடவ வேண்டும். ஒரு சாக்கெட்டா இரண்டா என்ற ஒரே கேள்விக்கு, அதுவும் பெரிய எண்ணிக்கையில் வாங்கப் போகும்போது மட்டும் இந்த உழைப்பு தகும்.

## வழி 2: பயாஸில் கோர்களைக் குறைப்பது

பெரும்பாலான சர்வர் பயாஸ்களில் (ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முன்பே ஓடும் அமைப்பு மென்பொருள்) சாக்கெட்டுக்கு எத்தனை கோர் என்று தேர்ந்தெடுக்கலாம். எபிக் சர்வர்களில் எத்தனை சிப்லெட், சிப்லெட்டுக்கு எத்தனை கோர் என்று தனித்தனியாகவே தேர்ந்தெடுக்க முடியும். கேஷ் கணக்கைக் கட்டுப்படுத்த இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் எழும்போதே அந்தக் கோர்கள் இல்லை என்பதால் கர்னல், டிரைவர், மென்பொருள் எல்லாம் ஒரே எண்ணைப் பார்க்கின்றன. நெட்வொர்க் கார்டு எத்தனை வரிசை திறக்க வேண்டும் என்பது கூட அந்த எண்ணுக்கு ஏற்பவே அமையும். லினக்ஸோ விண்டோஸோ, எதிலும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

நினைவகச் சேனல்கள் எல்லாம் அப்படியே இருக்கும், சாக்கெட்டின் மின்சார ஒதுக்கீடும் அப்படியே இருக்கும். அதை மறக்க வேண்டாம்.

விலை நேரம்தான். நினைவகம் நிறைய உள்ள சர்வர் மறுபடி எழுந்திருக்கப் பல நிமிடம் ஆகும். 1, 2, 4, 8, 16, 32, 64 என்று ஏழு புள்ளி, ஒவ்வொன்றும் மூன்று முறை என்றால் ஒரு நாளே போய்விடும். அதோடு ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் சேர்ந்திருந்த கோப்புகள் காலியாகிவிடுவதால், டேட்டாபேஸ் சோதனைக்கு முன் சூடேற்றும் ஓட்டமும் தேவை. சர்வரின் நிர்வாகக் கன்சோலுக்கு அனுமதி இல்லாதவர்களுக்கு இந்த வழி இல்லவே இல்லை.

## வழி 3: பூட் ஆகும்போதே வரம்பு வைப்பது

லினக்ஸ் கர்னலுக்கு பூட் வரியில் இரண்டு அளவுருக்கள் உண்டு. 'மேக்ஸ்சிபியூஸ்' என்பது முதலில் அத்தனை சிபியூவை மட்டும் எழுப்பும், மற்றவற்றைப் பிறகு எழுப்பிக்கொள்ளலாம். 'என்ஆர் சிபியூஸ்' என்பது கடுமையானது, அதற்கு மேல் கர்னல் கணக்கில் எதுவும் இல்லை. சோதனைக்கு இரண்டாவதே நல்லது. முதல் வகையில், சில லினக்ஸ் விநியோகங்களில் உள்ள யூடெவ் (கருவிகளைக் கவனிக்கும் மென்பொருள்) விதிகள் அணைந்திருக்கும் சிபியூக்களைத் தானாகவே எழுப்பிவிடும். நீங்கள் 16 என்று நினைத்துக்கொண்டு 64-இல் அளந்துகொண்டிருப்பீர்கள்.

விண்டோஸ் சர்வரில் இதற்கு இணையானது பூட் அமைப்பில் ப்ராசஸர் எண்ணிக்கையைக் குறிப்பது. எம்எஸ்கான்ஃபிக் கருவியிலேயே அந்தப் பெட்டி இருக்கிறது.

குறை ஒன்று: எந்தக் கோர்கள் எழும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பயாஸ் எந்த வரிசையில் பட்டியல் தருகிறதோ அந்த வரிசை. மறுபடி பூட் செய்யவும் வேண்டும். பயாஸுக்குள் போக முடியாது, ஆனால் பூட் வரியைத் திருத்த முடியும் என்பவர்களுக்கு இது நல்ல மாற்று.

## வழி 4: ஓடும்போதே ஆஃப்லைன் செய்வது

லினக்ஸில் ஒவ்வொரு சிபியூவுக்கும் 'ஆன்லைன்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 0 எழுதினால் கர்னல் அந்தச் சிபியூவில் ஓடும் வேலைகள், டைமர்கள், இன்டரப்டுகளை வேறு சிபியூக்களுக்கு மாற்றிவிட்டு அதை உறங்க வைக்கும். 1 எழுதினால் திரும்ப வரும். 48 கோரை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் சில விநாடிகளில் அணைத்துவிடலாம். எக்ஸ்86 சர்வர்களில் 0-ஆவது சிபியூவை மட்டும் பொதுவாக அணைக்க முடியாது. ஹைப்பர்த்ரெடிங்கை மட்டும் மொத்தமாக நிறுத்த 'எஸ்எம்டி' என்ற பெயரில் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. 2018-இல் வெளிவந்த எல்1டிஎஃப் பாதுகாப்புக் குறைபாட்டை ஒட்டிக் கர்னலில் சேர்ந்தது அது.

எனக்குப் பிடித்த வழி இதுதான். கர்னல் வேலையும் வரம்புக்குள் வருகிறது, எந்தக் கோர் என்பதை நாமே சொல்லலாம், பூட் தேவையில்லை. ஒரே மதியத்தில் ஏழு புள்ளி வளைவு முழுவதையும் வரைந்துவிடலாம். அந்த வேகம்தான் இதன் உண்மையான மதிப்பு. வேகமாக மாற்ற முடிந்தால்தான் ஒரே அமைப்பை ஐந்து முறை ஓட்டி எண் நிலையாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுமை நமக்கு வரும்.

மறைந்த செலவுகள் மூன்று. முதலாவது, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு விஷயம் தெரியாது. தொடங்கும்போது 64 கோரைப் பார்த்து 64 த்ரெட் (இங்கே, நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) உருவாக்கியிருந்தால், இப்போது 16 கோரில் 64 த்ரெட் முட்டிக்கொள்ளும். அணைத்த பிறகு மென்பொருளை நிறுத்தித் தொடங்க வேண்டும். இரண்டாவது, ஒரு சாக்கெட்டின் கோர்கள் அனைத்தையும் அணைத்தாலும் அதன் நினைவகம் உயிரோடு இருக்கும். முதல் சாக்கெட்டின் நினைவகம் நிரம்பியதும் கர்னல் எதிர்ச் சாக்கெட்டில் இடம் எடுக்கும். ஒற்றைச் சாக்கெட் சர்வரில் வராத தாமதம் அதில் வரும், அங்கே கிடைக்காத இடமும் கிடைக்கும். மூன்றாவது, டிரைவர்கள் முன்பே திறந்த வரிசைகள் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கக்கூடும். நெட்வொர்க்தான் சோதனையின் மையம் என்றால் வழி 2 அல்லது 3 நம்பகமானது.

## வழி 5: நிரலைச் சில கோர்களில் கட்டிவைப்பது

டாஸ்க்செட், நியூமா கட்டுப்பாட்டுக் கருவி, சிகுரூப்பின் (நிரல் குழுக்களுக்கு வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி) சிபியூசெட், கன்டெய்னருக்கான (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் கூடு) சிபியூ பட்டியல், எல்லாம் இந்த வகை. கோர் எதுவும் அணைவதில்லை, "நீ இந்த 16-இல் மட்டும் ஓடு" என்று நிரலுக்குச் சொல்கிறோம். ரூட் அனுமதி கூட எல்லா நேரமும் தேவையில்லை.

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நிரல் 16 கோரில் ஓடுகிறது, சரி. ஆனால் நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிரித்துத் தரும் வேலையும், டிஸ்க்குக்கு எழுதும் பின்னணி வேலையும் மற்ற 48 கோர்களில் சும்மா நடந்துகொண்டிருக்கும். உங்கள் 16 கோருக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள் போல. வெப் சர்வர், டேட்டாபேஸ் மாதிரி கர்னலை அதிகம் பயன்படுத்தும் நிரலுக்கு இது முடிவை நன்றாகவே உயர்த்திக் காட்டும். இன்டரப்டுகளையும் அதே 16 கோருக்குக் கைப்படத் திருப்பினால் ஓரளவு சரியாகும்.

அடுத்தது எண்ணிக்கைக் குழப்பம். மென்பொருள் கோர்களை எண்ணும் முறை ஒன்றல்ல. கோ மொழி தனக்கு அனுமதிக்கப்பட்ட கோர்களை எண்ணும், ஆகவே 16 என்று சரியாகப் பார்க்கும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் தானியங்கி அமைப்பு ஆன்லைனில் உள்ள எல்லாச் சிபியூவையும் எண்ணும், ஆகவே 16 கோரில் கட்டிவைத்தாலும் 64 சிபியூ தெரிந்தால் 64 வொர்க்கர் கிளப்பும். ஜாவாவின் புதிய பதிப்புகள் வரம்பைப் புரிந்துகொள்ளும், வேண்டுமானால் எண்ணைக் கையாலும் கொடுக்கலாம். தானியங்கியை நம்பாமல் த்ரெட் எண்ணிக்கையை நீங்களே எழுதுவதுதான் பாதுகாப்பு.

இதைக் குறை சொல்வதோடு நிறுத்த மனமில்லை. தூய கணக்கீடு செய்யும் நிரலுக்கு இந்த வழி ஆஃப்லைன் அளவுக்கே நல்லது. சுமை உருவாக்கும் கருவியையும் சோதிக்கப்படும் நிரலையும் ஒரே சர்வரில் தனித்தனிக் கோர்களில் வைக்கவும் இதுவே வழி. நிஜத்திலும் அந்த சேவை மற்றவற்றோடு ஒரே சர்வரில் கட்டுண்டு ஓடப் போகிறது என்றால், இதுதான் நிஜத்துக்கு மிக நெருங்கிய சோதனை.

## வழி 6: நேர ஒதுக்கீடு

கன்டெய்னருக்கு "4 சிபியூ" என்று கொடுத்தால் நான்கு கோர் கிடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடைப்பது நேரம். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு 100 மில்லிவிநாடிக்கும் மொத்தம் 400 மில்லிவிநாடி சிபியூ நேரம். 64 கோரில் 64 த்ரெட் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த 400 தீர 6.25 மில்லிவிநாடி போதும். மிச்சம் 93.75 மில்லிவிநாடி எல்லாம் அப்படியே நிற்கும். சராசரி வேகம் 4 கோர் போலவே தெரியும், ஆனால் மெதுவான கோரிக்கைகளின் தாமதம் 4 கோர் சர்வரில் ஒருபோதும் வராத மாதிரி எகிறும்.

கோர்களைக் குறைத்துப் பார்க்கும் சோதனைக்கு இது பொருத்தமே இல்லை. உங்கள் சேவை உற்பத்தியில் இதே வரம்போடு ஓடப் போகிறது என்றால் மட்டும் இதே வரம்போடு சோதியுங்கள், எத்தனை முறை தடுக்கப்பட்டது என்ற எண்ணையும் சிகுரூப் புள்ளிவிவரத்தில் பாருங்கள். கோ 1.25 முதல் இந்த ஒதுக்கீட்டைத் தானே கவனித்து த்ரெட்டைக் குறைத்துக்கொள்கிறது. பழைய பதிப்பில் எடுத்த எண்ணோடு ஒப்பிடும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கோரோடு போவது | மென்பொருள் காணும் எண் | கர்னல் வேலைக்கும் வரம்பு உண்டா | மாற்ற ஆகும் நேரம் |
|---|---|---|---|---|
| கழற்றுவது | கேஷ், நினைவகச் சேனல், பிசிஐ பாதை | சரியானது | உண்டு | அரை நாள் |
| பயாஸ் | தேர்வைப் பொறுத்து எல்3 | சரியானது | உண்டு | பல நிமிடம் |
| பூட் வரம்பு | எழும் கோர்களைப் பொறுத்து எல்3, தேர்வு நம் கையில் இல்லை | சரியானது | உண்டு | பல நிமிடம் |
| ஆஃப்லைன் | முழுச் சிப்லெட் அணைந்தால் அதன் எல்3 | மறுபடி தொடங்கினால் சரி | உண்டு | விநாடிகள் |
| கட்டிவைப்பது | முழுச் சிப்லெட் விலக்கினால் நிரலுக்கு அதன் எல்3 | நிரலுக்கு நிரல் மாறும் | இல்லை | உடனே |
| நேர ஒதுக்கீடு | எதுவும் இல்லை | நிரலுக்கு நிரல் மாறும் | பெரும்பாலும் இல்லை | உடனே |

## உங்கள் கேள்வி எது?

நிரல் எப்படி விரிகிறது? ஆஃப்லைன், டர்போ நிறுத்தம், ஏழு புள்ளிகள். கணினி வல்லுநர் ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இங்கே இன்றும் உதவும்: வேலையில் 5 சதவீதம் வரிசையாகத்தான் நடக்க வேண்டும் என்றால் 16 கோரில் 9.1 மடங்கு வேகம், 64 கோரில் 15.4 மடங்கு. கோர் நான்கு மடங்கானாலும் வேகம் 1.7 மடங்கே கூடுகிறது. உங்கள் வளைவு இதைவிடவும் மோசமாக, ஒரு கட்டத்துக்கு மேல் கீழே இறங்கினால், கோர்கள் ஒரே பூட்டுக்கோ ஒரே கேஷ் வரிக்கோ அடித்துக்கொள்கின்றன என்று பொருள். அங்கே இன்னும் கோர் வாங்குவது பணத்தை வீணாக்கும்.

சின்ன சர்வர் வாங்கலாமா? பயாஸ் வழி, வாங்கப்போகும் ப்ராசஸரின் கேஷுக்கு நெருக்கமான சிப்லெட் தேர்வோடு. நினைவகச் சேனல் குறைவான மாடலை யோசிக்கிறீர்கள் என்றால் சில நினைவகக் குச்சிகளையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ஒரு கோருக்கு 12.8 ஜிபி என்று ஏறிய அலைவரிசைப் பங்கைக் கீழே இறக்குவது அதுதான். அப்படியும் இது மதிப்பீடுதான். கடைசி முடிவுக்கு ஒரு வாரம் உண்மையான சின்ன சர்வரைக் கடன் வாங்கி ஓட்ட முடிந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

உரிமச் செலவைக் குறைக்கவா? வேகத்தை அளக்க ஆஃப்லைன் போதும். ஆனால் அணைத்த கோருக்கு உரிமம் வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அணைத்தாலும் சர்வரில் இருக்கும் கோர்களையே எண்ணும் ஒப்பந்தங்கள் உண்டு. ஒப்பந்தத்தைப் படித்த பிறகு சோதியுங்கள்.

மேகத்தில் (கிளவுட்) ஓடுகிறதா? பயாஸ் உங்கள் கையில் இல்லை. அமேசான் இசி2 போன்ற இடங்களில் பல இன்ஸ்டன்ஸ் வகைகளைத் தொடங்கும்போதே கோர் எண்ணிக்கையும் கோருக்கு ஒரு த்ரெட்டா இரண்டா என்பதையும் குறிக்கலாம், அதுவே சிறந்தது. ஒரு விசிபியூ (மேகத்தில் தரப்படும் சிபியூ அலகு) என்பது பல வகைகளில் ஒரு த்ரெட் மட்டுமே. 16 விசிபியூவை 16 கோர் என்று எழுதிவிடாதீர்கள். கூடவே 'ஸ்டீல்' நேரத்தையும் (உங்கள் விசிபியூ காத்திருக்க மற்றவர் எடுத்துக்கொண்ட நேரம்) பாருங்கள். அது உயர்ந்திருந்தால் அந்த ஓட்டத்தின் எண்ணைத் தூக்கிப் போடுங்கள்.

## திரும்ப எழுப்பும்போது

ஆஃப்லைன் வழியில் சோதித்துவிட்டு எல்லாவற்றையும் 1 ஆக்கினால் பழைய நிலை வந்துவிடும் என்று தோன்றும். முழுசாக வராது. சிகுரூப்பின் முதல் பதிப்பில், அணைத்த சிபியூ சிபியூசெட் பட்டியலிலிருந்து நீங்கிவிடும், திரும்ப எழுந்தாலும் தானாகச் சேராது. சர்வரில் 64 கோரும் ஆன்லைனில் இருக்கும், உள்ளே ஒரு கன்டெய்னர் மட்டும் 16-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதுபோல, அணைந்த சிபியூவில் மட்டும் ஓடும்படி டாஸ்க்செட்டில் கட்டியிருந்த வேலைகளைக் கர்னல் கட்டவிழ்த்து வேறு இடத்துக்கு மாற்றியிருக்கும், அவற்றையும் நீங்கள்தான் மறுபடி கட்ட வேண்டும். டர்போ நிறுத்தத்தையும் திறந்துவிடுங்கள். அப்புறம் சோதனைக்கு முன் சேமித்த எல்எஸ்சிபியூ அட்டவணையைப் புதிதாக எடுத்ததோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, 64 கோர் சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். காலையில் வந்த எண்ணே மாலையிலும் வந்தால் சர்வரை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம்.